முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: ஆன்லைனில் எதுவரை முடியும், எதற்கு நேரில் போக வேண்டும்?

"காப்பீட்டு அட்டை ஆன்லைன் அப்ளை" என்று தேடினால் வரிசையாக வீடியோ வரும். பாதிப் பேர் ஐந்தே நிமிடத்தில் அட்டை கையில் என்பார்கள், நம்பாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புதிதாகச் சேர பொதுவாகக் கடைசிப் படி நேரில்தான், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்தில்தான். ஆனால் அங்கே போய்விட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்களை விசாரித்துப் பாருங்கள், வீட்டிலிருந்தே ஆன்லைனில் சரிசெய்திருக்கக்கூடிய ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் தடையாக இருந்திருக்கும். அதனால் ஆன்லைன் வேலையை முழுசாக முடித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

முதலில், நீங்கள் ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. 2009-ல் கலைஞர் காப்பீடு என்று தொடங்கி, 2012-ல் இப்போதைய பெயருக்கு மாறிய திட்டம் இது (ஊரில் இன்னமும் கலைஞர் காப்பீடு என்றுதான் கேட்பார்கள், கவுன்டரிலும் அது புரியும்). அப்போது அப்பா எடுத்த அட்டை பீரோவில் எங்கோ கிடக்கும், இல்லை தொலைந்தே போயிருக்கும், ஆனால் பதிவு உயிரோடு இருக்கலாம். திட்டத்தின் இணையதளத்தில், சிஎம்சிஹெச்ஐஎஸ்டிஎன் டாட் காம், குடும்ப அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடலாம். ஸ்மார்ட் கார்டு எண்ணுக்கு ஒன்றும் வரவில்லையா, பழைய புத்தக ரேஷன் அட்டையின் எண் எங்காவது குறித்து வைத்திருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். பெயர் வந்துவிட்டால் இ-கார்டைப் பதிவிறக்கிக்கொள்ளலாம், வேலை முடிந்தது. தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் 1800 425 3993-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், கட்டணமில்லா எண்.

பெயர் இல்லை என்றால் இனிமேல்தான் ஆரம்பம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கான திட்டம் இது, ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியம் அரசே கட்டுகிறது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. தேவைப்படுவது மூன்று: குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ்.

சிக்கல் எல்லாம் முதல் இரண்டில்தான். நம் ஊர்ப் பெயர்களின் இனிஷியல் இருக்கிறதே, அது ஆதாரில் பின்னால் நிற்கும், குடும்ப அட்டையில் காணவே காணாது, வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயராக விரிந்திருக்கும். கல்யாணமான பெண்களுக்கு ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல். சின்ன வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகிற ஊழியர்களும் உண்டு, திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு, உங்களுக்கு யார் வாய்ப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொருவர் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குடும்ப அட்டையில் இல்லாதவர் காப்பீட்டிலும் வர மாட்டார், எனவே புதிதாக வந்த மருமகள், பிறந்த குழந்தை பெயரெல்லாம் அட்டையில் ஏறியிருக்கிறதா பாருங்கள். இறந்தவர் இன்னும் குடும்பத் தலைவராக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இதெல்லாம் பொது விநியோகத் திட்டத் தளத்தில், டிஎன்பிடிஎஸ், பதிவு செய்த செல்போனுக்கு வரும் ஓடிபியை வைத்து நீங்களே விண்ணப்பிக்கலாம். உடனே மாறாது, ஒப்புதல் வரும்வரை பொறுக்கணும்.

ஆதாரோடு இணைத்த செல்போன் எண் எது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெரியவர்கள் ஆதாரில் வெளியூரில் இருக்கும் மகனின் எண் இருக்கும், அவர் ஷிப்டில் இருக்கும்போது ஓடிபி வந்து காலாவதியாகிவிடும், அம்மா இங்கே கவுன்டரில் நிற்பார். இல்லாவிட்டால் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம். எண்ணை மாற்றணும் என்றால் ஆதார் மையத்துக்கோ, ஆதார் வசதி உள்ள தபால் நிலையத்துக்கோ போய் கைரேகை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து வருமானச் சான்றிதழ். தமிழ்நாடு இ-சேவை தளத்தில் குடிமக்களுக்கான உள்நுழைவு இருக்கிறது, அதில் கணக்குத் தொடங்கி, வருவாய்த் துறை சேவைகளில் ஆர்இவி-103 என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை என்றால் கேன் எண் ஒன்று உருவாக்கச் சொல்லும். பயப்பட வேண்டாம், உங்கள் விவரத்தை ஒரு தடவை பதிந்து வைக்கும் எண் அவ்வளவுதான், பிறகு சாதிச் சான்றிதழுக்கும் இருப்பிடச் சான்றிதழுக்கும் இதுவே போதும். புகைப்படம், குடும்ப அட்டை, வருமானத்துக்கான ஆதாரம், கையெழுத்திட்ட உறுதிமொழி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். கோப்பின் அளவு பெரிதாக இருந்தால் ஏற்காது, செல்போனில் எடுத்த படத்தை அப்படியே போடாமல் சுருக்கிப் போடுங்கள். கட்டணம் 60 ரூபாய். பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை என்றால் பதறி உடனே இரண்டாவது தடவை கட்டாதீர்கள், விண்ணப்ப நிலையைப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பம் போட்டதும் சும்மா இருந்துவிடாதீர்கள். அது விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று கைமாறிப் போகும். ஆன்லைனில்தானே போட்டோம் என்று இருந்தால் விஏஓ விசாரிக்கக் கூப்பிட்டது தெரியாமலே போய்விடும். விண்ணப்ப எண்ணோடு ஒரு நடை அவரைப் பார்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து, ஆன்லைன் என்பதன் அர்த்தமே போய்விட்டது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

சான்றிதழ் வந்ததும் அசலும் நகலுமாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலக மையத்துக்குப் போங்கள். பதிவு இலவசம். வாசலில் ஃபாரம் எழுதித் தருகிறேன், சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று வருபவரிடம் ஆதாரைக் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் "அட்டை பெற ஆதார் போட்டோ அனுப்பவும்" செய்தியும் இதே ரகம்தான்.

மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் அட்டையைத் தனியாக எடுக்கணுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2018 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இரண்டும் இணைந்தே நடக்கின்றன, இதில் 5, அதில் 5 என்று 10 லட்சம் கணக்குப் போடாதீர்கள்.

அட்டை வந்த பிறகு ஒரு விஷயம். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து மருந்து வாங்குவதற்கு இது உதவாது, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும் சில பரிசோதனைகளுக்கும்தான். தனியார் மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, உங்களுக்குத் தேவையான சிகிச்சைக்கு அங்கே அனுமதி இருக்கிறதா என்று மேலே சொன்ன கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டுப் போங்கள். போனதும் பில் கவுன்டருக்குப் போகாமல் காப்பீட்டுத் திட்ட மேசை எங்கே என்று கேளுங்கள். சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கும் வேலை அவர்களுடையது. அனுமதி கிடைத்த பிறகும் தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், அங்கிருந்தே அதே எண்ணுக்கு போன் போட்டுப் புகார் சொல்லுங்கள்.