மஞ்சள்தூள் தீவனத் தொட்டியின் அடியில் கிடந்தது

சேலம் மாவட்டம் வாழப்பாடியில் 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறேன். எச்சம் தண்ணியாகவே போனது, எடையும் ஏறவில்லை. ரத்தக்கழிச்சல் இல்லை என்று கால்நடை டாக்டர் சொன்னதும், தீவனத்தில் மஞ்சள்தூளும் வேகவைத்த பூண்டும் கலந்தேன். ஐந்து நாள் வீண். தூளைக் கூட்டினேன், அதுவும் வீண்.

பூண்டை முழுசாக வேகவைத்தது முதல் தப்பு. பச்சையாக நசுக்கினால்தான் அல்லிசின் என்ற, கிருமிகளை எதிர்க்கும் பொருள் உருவாகும்.

இன்னொன்று, ஒரு குஞ்சைப் பிடித்தபோதுதான் தெரிந்தது. அலகில் மஞ்சள் கறையே இல்லை! மக்காச்சோள நொய்யைப் பொறுக்கிவிட்டு, தூளை அடியிலேயே விட்டிருக்கின்றன. சேலத்துக்காரனுக்கு ஜவ்வரிசிக்கா பஞ்சம்? ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சியில் தூளையும் நசுக்கிய பூண்டையும் குழைத்துத் தீவனத்தோடு பிசிறி, அன்றன்றைக்கு மட்டும் வைத்தேன். மிச்சம் வைத்தால் புளித்துவிடும்.

மறுநாளே எல்லா அலகும் மஞ்சள். ஒரு வாரத்தில் எச்சம் கெட்டியானது. அப்பாடா!