சதவீதம் தப்பாகக் காட்டினால் உடனே பேட்டரி செல்லை மாற்றாதீர்கள்

கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கம் உதிரிப்பாகம் வாங்கப் போனால், பேட்டரி பேக்கும் கையுமாக நிற்கும் தம்பிகளைப் பார்க்கிறேன். "அண்ணே, 35 காட்டும்போதே ஆஃப் ஆயிடுது. செல் போயிருச்சு." போனதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் பதில் வராது. தொழில் பழகிய காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துதான். அப்படி அடிக்கடி நடக்கும் தப்புகளைத்தான் இங்கே சொல்கிறேன். மீட்டர் முனையை மாற்றிப் பிடிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே தெரிந்துவிடும்.

கேஜ் பார்க்காத மின்சாரம்

பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டுவது கேஜ் சிப். அது செல்லுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஷண்ட் என்ற சின்ன மின்தடையின் இரு பக்கமும் உள்ள மில்லிவோல்ட்டை அளந்து, எவ்வளவு போனது, வந்தது என்று கணக்கு எழுதுகிறது. 1 மில்லியோம் ஷண்ட்டில் 5 ஆம்பியர் ஓடினால் 5 மில்லிவோல்ட். ஷண்ட் வழியாகப் போகாதது கணக்கிலும் ஏறாது.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாரம் ஒருநாள் கடை போடுபவரின் விளக்கு பேக் ஒன்று பட்டறைக்கு வந்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, கொள்ளளவு 10 ஆம்பியர்-ஹவர். கடை முடிந்ததும் முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்துவிடுவார். அடுத்த வாரம் எடுத்தால் 100 காட்டும். வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில், 35-க்குப் பக்கத்தில் எல்லாம் அணைந்துவிடும். பட்டறைப் பையன் நான்கு செல்லையும் மாற்றிக் கொடுத்தான். மறுவாரமும் அதே 35. செல்லுக்கான காசு போனது போனதுதான்.

பிரித்துப் பார்த்தால், போன் சார்ஜ் செய்ய யாரோ ஒரு யூஎஸ்பி மாட்யூல் சேர்த்திருக்கிறார்கள். அதன் கறுப்பு ஒயர் வெளியே போகும் மைனஸில் இல்லை. பேக்கைக் காக்கும் பிஎம்எஸ் பலகைக்கும் அதிலுள்ள ஷண்ட்டுக்கும் முன்னாலேயே, செல்லின் மைனஸில் பற்றவைத்திருந்தது. சும்மா இருக்கும்போதே 20 மில்லிஆம்பியர் இழுத்தது. ஒரு நாளுக்கு 480 மில்லிஆம்பியர்-ஹவர், ஏழு நாளில் 3360. மூன்றில் ஒரு பங்கு காலி, கேஜோ 100 என்றே நம்பிக்கொண்டிருந்தது. புது செல்லையும் அந்த ஒயர் அப்படியே உறிஞ்சியது.

அதைவிட மோசம், அந்த ஒயரை பிஎம்எஸ்ஸால் துண்டிக்கவும் முடியாது. மூன்று வாரம் கவனிக்காமல் விட்டால் பேக் முழுக்க வடிந்து, செல் உண்மையிலேயே கெட்டுவிடும். அடிமட்டத்துக்கு இறங்கிய செல்லில் செம்பு கரைந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதை மறுபடி சார்ஜ் ஏற்றிப் பார்க்காதீர்கள்.

செல்லைத் தொடுமுன் ஒன்று செய்யுங்கள்: ஏறிய ஆம்பியர்-ஹவரையும் இறங்கியதையும் ஒப்பிடுங்கள். நல்ல லித்தியம் செல் ஏற்றியதில் 99 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். தேய்ந்த செல் என்றால் ஏறுவதே குறைவாக இருக்கும். 10 ஏறி 6.6 மட்டும் இறங்கியதாகக் கேஜ் சொன்னால், நடுவில் எங்கோ கசிகிறது. சந்தேகப்படும் ஒயரைக் கழற்றி, மீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து இடையில் போட்டால் தெரிந்துவிடும். செல்லே உள்ளுக்குள் கசிவதும் உண்டு. அப்போது பெரும்பாலும் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட இறங்கியிருக்கும்.

ஒயரைச் சரியான முனைக்கு மாற்றினால் மட்டும் போதாது. மிகச் சிறிய மின்னோட்டத்தைச் சில கேஜ்கள் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் அந்த மாட்யூலுக்குத் தனியாக ஒரு சுவிட்சும் போட்டேன்.

வோல்ட்டை வைத்து சதவீதம் சொல்வது

இரும்பு பாஸ்பேட் செல் பெரும்பாலான நேரம் 3.2, 3.3 வோல்ட்டிலேயே நிற்கும். 70-க்கும் 40-க்கும் வித்தியாசம் மீட்டரில் பிடிபடாது. லோடு ஓடும்போது அளந்தால் கேட்கவே வேண்டாம்.

ஓய்வில்லாத கற்றல் சுற்று

கேஜ் செல்லின் கொள்ளளவைப் பழகிக்கொள்ள ஒருமுறை முழுக்க ஏற்றி இறக்குவதுதான் கற்றல் சுற்று. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் இம்பிடென்ஸ் ட்ராக் வகை கேஜ் சிப்களுக்கு, முழு சார்ஜுக்குப் பிறகு 2 மணி நேரம், முழுக்க இறக்கிய பிறகு 5 மணி நேரம் சும்மா விடச் சொல்கிறார்கள். அவசரப்பட்டு நடுவில் சார்ஜர் செருகினால் அந்தச் சுற்று வீண்.

வேறு வகை செல், பழைய அட்டவணை

வேறு வகை செல் போட்டால், சிப்புக்குள் பதிந்திருக்கும் செல் வகையையும் கொள்ளளவையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஷண்ட் மேல் கூடுதல் ஈயம்

வேண்டாம். தடை குறையும், கேஜ் குறைவாக எண்ணும்.