கவன மாத்திரை தொடங்கும் பிள்ளைக்கு ஒரு நோட்டு

பிள்ளைக்கு ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல், அடங்காத துறுதுறுப்போடு இருக்கும் நிலை) என்று டாக்டர் உறுதி செய்து மாத்திரை எழுதிக் கொடுத்தால், அட்டையைப் பிரிப்பதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். "பரவாயில்ல டாக்டர்" என்ற ஒற்றை வார்த்தையை வைத்து எந்த டாக்டராலும் டோஸைச் சரியாக முடிவு செய்ய முடியாது.

முதல் பக்கத்தில் மருந்துக்கு முந்தைய உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம். குடும்பத்தில் யாராவது இளம்வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், அவனை எப்படிக் கையாள்வது என்று பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான் முதலில். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. ஆஸ்பத்திரி மனநலத் துறையில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

வழக்கமாக முதலில் தருவது மீதைல்ஃபெனிடேட். சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். மெல்லக் கரையும் வகை எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ. பெரும்பாலும் 5 மி.கி.யில் தொடங்கி, வாரம் ஒருமுறை பார்த்து ஏற்றுவார்கள். இன்னொரு மருந்தான அடமோக்ஸெடின் வேறு மாதிரி. 20 கிலோ பிள்ளைக்குச் சுமார் 10 மி.கி.யில் தொடங்கி 24 மி.கி.யை ஒட்டி ஏற்றுவார்கள். முழுப் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாளே "ஒன்னும் தெரியல" என்று நிறுத்திவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தால் போதும்: "திங்கள். 7.20 மாத்திரை. இரண்டு இட்லி. டிபன் பாக்ஸ் பாதி திரும்பியது. 5.30 அழுகை, எரிச்சல். 10.45 தூக்கம்." இந்த ஒரு வரியில் டாக்டருக்கு மூன்று செய்தி கிடைக்கிறது. மதியப் பசி குறைகிறது, மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் எரிச்சல் வருகிறது, தூக்கம் தள்ளிப்போகிறது. டீச்சரிடம் "எப்படி இருக்கான்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எத்தனை தடவை இடத்தைவிட்டு எழுந்தான், போர்டில் இருந்ததை எழுதி முடித்தானா, இவ்வளவுதான் கேட்க வேண்டும்.

பிள்ளை பொம்மை மாதிரி சுருண்டு உட்கார்ந்தால் "அடங்கிட்டான்" என்று நிம்மதி அடையாதீர்கள். டோஸ் அதிகம் என்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

சாப்பாட்டை மருந்தின் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் காலை டிபன். மதியம் வற்புறுத்த வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்குப் பசி திரும்பும். கேழ்வரகு களியும் கருவாட்டுக் குழம்பும் அப்போது வைத்தால் தட்டு காலியாகும். எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அதே நோட்டில் குறியுங்கள்.

மெல்லக் கரையும் மாத்திரையை வாழைப்பழத்தில் நசுக்கிக் கொடுத்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். அடமோக்ஸெடின் காப்ஸ்யூலையும் திறக்கக்கூடாது, உள்ளே இருக்கும் தூள் கண்ணில் பட்டால் எரியும். காலை டோஸ் மறந்து சாயங்காலம் ஞாபகம் வந்தால் அன்றைக்கு மீதைல்ஃபெனிடேட்டை விட்டுவிடுங்கள். மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

மீதைல்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் வருவது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். எல்லா மெடிக்கலிலும் இருக்காது. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் இருப்பவர்கள் ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே வேலூருக்குக் கிளம்பிவிடுங்கள். வீட்டில் பூட்டி வையுங்கள். அக்னி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் விட்டுவிட வேண்டாம்.

நெஞ்சுவலி, மயக்கம், இல்லாததைப் பார்ப்பது அல்லது கேட்பது. அடமோக்ஸெடினில் கண் மஞ்சளாவது, சாகணும் என்ற பேச்சு: இதில் எது வந்தாலும் அடுத்த டோஸ் கொடுக்காமல், நோட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.