ஹங்கேரி டாக்ஸை நீங்களே கணக்கு போடுங்க

ஒரகடத்துல வேலை பார்த்த என் தம்பி இப்போ புடாபெஸ்ட்ல இருக்கான், முதல் சம்பள ஸ்லிப்பை வாட்ஸ்அப்ல அனுப்பி "அண்ணா, மூணுல ஒரு பங்கு காணோம்"னு பதறிட்டான், அதான் இதை எழுதுறேன்.

சம்பளத்துல நம்ம ஊரு மாதிரி ஸ்லாப் எல்லாம் இல்ல, எல்லாருக்கும் ஒரே 15%. ஆனா கூடவே சோஷியல் செக்யூரிட்டின்னு, நம்ம பிஎஃப், இஎஸ்ஐ மாதிரி பென்ஷன், மருத்துவத்துக்காக 18.5% பிடிப்பாங்க, இதத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. 6,00,000 ஃபோரிண்ட் சம்பளம்னா 90,000 வரி, 1,11,000 சோஷியல், கைக்கு 3,99,000. 25 வயசுக்கு கீழன்னா ஒரு லிமிட் வரைக்கும் அந்த 15% கிடையாது, ஆனா 18.5% போகத்தான் செய்யும்.

கடையில போடுற வாட் 27%, ஐரோப்பிய யூனியன்லயே இதான் அதிகம், மருந்து, புக்குக்கெல்லாம் 5% தான். விலையிலயே வரி சேர்ந்திருக்கும், நம்ம எம்ஆர்பி மாதிரி. பில் 12,700னா அதுல நேரா 27% போட்டு 3,429னு எழுதாதீங்க, தப்பு! 1.27ஆல வகுங்க, 10,000 வரும், மீதி 2,700 தான் வரி.

கம்பெனி ஆரம்பிக்கிறவங்களுக்கு லாபத்துல 9%. கம்மியா இருக்கேன்னு அவசரப்படாதீங்க, உள்ளாட்சி போடுற லோக்கல் பிசினஸ் டாக்ஸ் 2% வரைக்கும் தனி, அதுவும் லாபம் பார்த்து இல்ல, வருமானத்துல பொருள் வாங்குன செலவு மாதிரி சிலதை மட்டும் கழிச்சுட்டு போடுவாங்க, அதனால நஷ்டம் வந்த வருஷமும் கட்ட வேண்டி வரலாம். மிச்ச லாபத்தை டிவிடெண்டா, அதாவது முதலாளியோட பங்கா எடுத்தா மறுபடி 15%, ஒரு உச்சவரம்பு வரைக்கும் சோஷியல் டாக்ஸ்னு தனி வரி 13% வேற.