இன்ஃப்ராரெட் சானா: அம்மாக்களுக்கு ஒரு கால் மணி நேரம்

பிள்ளையைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கிறோமே, அந்த நேரம் போதும், இன்ஃப்ராரெட் சானாவுக்குப் போய்வர. சானா என்றால் உட்கார்ந்து வியர்க்கும் சூடான அறை. சாதாரண சானாவில் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டும். இன்ஃப்ராரெட் சானாவில் பெரும்பாலும் 45 முதல் 60 டிகிரி செல்சியஸ்தான். இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) கதிர்கள் உடம்பையே நேராகச் சூடாக்குவதால் அவ்வளவாக மூச்சு முட்டாது. முதல் தடவை 10 நிமிடம் போதும், அப்புறம் மெல்ல 20 வரை கூட்டலாம். செயின், வளையலைக் கழற்றிவிடுங்கள், சுடும். போகும் முன் ஒரு சொம்புத் தண்ணீர், வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், நிதானமாக எழுங்கள்.

வியர்வையில் நச்செல்லாம் போய்விடும் என்பதை நம்பாதீர்கள். அது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கும் வேலை. பிள்ளையைத் தூக்கித் தூக்கி இறுகிப்போன தோள்பட்டை தளரும், அதுவே பெரிது. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.