ஷாட்கன் ஸ்டாக் நீளம்: முழங்கையை வைத்து அளக்காதீர்கள்

முழங்கையை மடக்கி, ஷாட்கன் ஸ்டாக்கின் (தோளில் வைக்கிற பின்கட்டையின்) அடியை அந்த மடிப்பில் வைத்துப் பார், விரல் ட்ரிகரை எட்டினால் நீளம் சரி என்று உங்களுக்கும் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நம்பி ஸ்டாக்கை வெட்டிவிடாதீர்கள். அந்த முறை முன்கையை மட்டும்தான் அளக்கிறது. கழுத்து நீளம், தோள் அகலம், கன்னத்தின் சதை, நீங்கள் நிற்கிற விதம் எதுவும் அதில் வராது.

பெரும்பாலான ஷாட்கன்களில் பின்குறி, அதாவது கண் பக்கம் இருக்கிற குறிபார்க்கும் பாகம், கிடையாது. குழல் முனையில் ஒரு சின்ன மணி, அவ்வளவுதான். பின்குறி உங்கள் கண்தான், அது எங்கே வந்து நிற்கும் என்பதை ஸ்டாக் தீர்மானிக்கிறது. நீளம், உயரம், சாய்வு என்று எதை மாற்றினாலும் கடைசியில் நகர்வது கண்.

முதலில் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா உட்காரும் குழல் அறையும் மேகசினும் காலி என்பதைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாத இடத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். சுடும்போது போடுகிற சட்டையோ ஜாக்கெட்டோ போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் தடித்த உடுப்பே ஸ்டாக்கை நீளமாக்கிவிடும். கண்ணாடியில் உங்கள் கண்ணைப் பார்த்துவிட்டு, கண்களை மூடி, துப்பாக்கியை வழக்கம்போல் தோளில் ஏற்றி, தலையை அசைக்காமல் கண்ணைத் திறந்து, கண் குழலின் நடுக்கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். பத்து முறை செய்தால் ஒரு போக்கு தெரியும்.

நீளம் சரியாக இருந்தால் மூக்குக்கும் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கும். கட்டைவிரல் மூக்கில் இடித்தால் ஸ்டாக் குட்டை. ஏற்றும்போது அக்குளில் துணி மாட்டினாலோ, அடிப்பகுதி தோள் குழியை விட்டுக் கைப்பக்கம் போய்ப் புஜம் கன்றினாலோ நீளம் அதிகம். தொழிற்சாலை ஸ்டாக்குகள் ட்ரிகரிலிருந்து அடிப்பகுதியின் நடுவரை பெரும்பாலும் 14 முதல் 14.5 அங்குலம் வரும். உடுப்பில் மாட்டாமல் ஏற்ற முடிகிற வரை கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும் என்பது என் கருத்து.

ஆனால் நீளத்தைவிடப் பெரிய விஷயம் உயரம், அதாவது கன்னம் படிகிற மேல்விளிம்பு. அது தாழ்ந்திருந்தால் மணி தெரியாது, நீங்களும் தலையைத் தூக்கிப் பார்ப்பீர்கள், கன்னம் மரத்தை விட்டு விலகும், அப்புறம் ஒவ்வொரு சூடும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும். உயர்ந்திருந்தால் ரவை (தோட்டாவிலிருந்து வரும் சின்னக் குண்டுகள்) மேலே போகும். தாழ்ந்த விளிம்பில் டேப்பையோ மெல்லிய ஃபோம் பட்டையையோ அடுக்கடுக்காக ஒட்டிப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் உரித்துவிடலாம்.

பக்கவாட்டில், வலக்கைக்காரருக்கு ஸ்டாக் சற்று வலப்பக்கம் வளைந்திருந்தால்தான் கண் குழலின் நடுக்கோட்டுக்கு வரும், இடக்கைக்காரருக்கு நேர்மாறு. ஒரு எச்சரிக்கை: வலத்தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடக்கண் ஆதிக்கமாக இருந்தால் ஸ்டாக்கை எவ்வளவு திருத்தியும் தீராது. இரு கண்ணும் திறந்து தூரத்துப் பொருள் ஒன்றை விரலால் சுட்டி, இடக்கண்ணை மூடுங்கள். விரல் பொருளை விட்டு நகர்ந்தால் இடக்கண்தான் ஆள்கிறது. அடிப்பகுதியின் சாய்வுக்கு ஒரே சோதனைதான், மேலிருந்து கீழ்முனை வரை தோளில் சமமாகப் பதிய வேண்டும், கீழ்முனை மட்டும் குத்தக் கூடாது.

கண்ணாடி சொன்னதைக் காகிதத்தில் சரிபார்த்தே ஆக வேண்டும். சுடுதளத்தில் 16 கஜத்தில் பெரிய தாளைக் கட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, இறுக்கமான சோக் (ரவை பரவாமல் குழல் முனையைக் குறுக்கும் பாகம்) போட்டு, நின்று குறிபார்க்காமல் ஏற்றியதும் சுடுங்கள், ஐந்தாறு முறை அதே தாளில். கண்ணிலிருந்து குழல் முனை சுமார் 36 அங்குலம், 16 கஜம் அதைப்போல் பதினாறு மடங்கு. ஆகவே தாளில் ஒரு அங்குலம் விலகினால் கண்ணை ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, சுமார் 1.6 மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். மேலே போனால் விளிம்பைத் தாழ்த்துங்கள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் போனால் வலப்புற வளைவு கூட வேண்டும். பல செமி-ஆட்டோ ஷாட்கன்களில் ஸ்டாக்கின் வளைவையும் உயரத்தையும் மாற்றுவதற்கான தகடுகள் கூடவே வரும். மர ஸ்டாக்கைச் சூடுபடுத்தி வளைப்பதைக் கைதேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ரம்பத்தைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். ஸ்டாக்கின் அடியில் பொருத்தும் தடித்த அல்லது மெல்லிய பேட் (மெத்தை), இடைத்தகடு என்று திரும்ப எடுக்கக்கூடியவற்றால் முடியாவிட்டால் மட்டும் வெட்டுங்கள், அதுவும் போடப்போகிற பேடின் தடிமனைக் கழித்துக் கணக்கிட்டு, ஒரு நேரத்துக்குக் கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வளரும் பிள்ளைக்காக வெட்டினால் அந்தத் துண்டை எறியாதீர்கள், பின்னாளில் திரும்பப் பொருத்தலாம். வெட்டிய பிறகு மறுபடி தாளுக்குப் போங்கள்: பெரும்பாலான ஸ்டாக்குகளின் மேல்விளிம்பு பின்னால் போகப் போகச் சரியும், ஸ்டாக் குட்டையானதும் கன்னம் முன்னால் உயர்ந்த இடத்தில் படியும், நீளத்தை மட்டும் தொட்டதாக நினைத்தாலும் ரவை மேலே போகத் தொடங்கும்.