ஜிப்சி ஜாஸ் கிற்றார்: கோர்ட்டையும் ஆர்பெஜியோவையும் சேர்த்தே பழகுங்கள்

கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒரு நாள், ஆர்பெஜியோ (அதே சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) இன்னொரு நாள் என்று பிரித்துப் பழகினால், சோலோ வாசிக்கும்போது கோர்ட் மாறுகிற இடத்தில் விரல் தடுமாறும். கோர்ட்டைப் பிடித்த இடத்திலேயே அதன் சுரங்களையும் தேடுங்கள்.

மெல்லிய கம்பி 1, தடித்தது 6. முதலில் ஏ மைனர் 6. நடுவிரல் 6ஆம் கம்பியின் 5ஆம் பிரெட்டில், ஆள்காட்டி விரல் 4ஆம் கம்பியின் 4இல். மோதிர விரலைப் படுக்கவைத்து 3ஆம், 2ஆம் கம்பிகளின் 5ஐ அழுத்துங்கள். 5ஆம் கம்பி ஒலிக்கவே கூடாது. நடுவிரல் நுனியால் அதைத் தொட்டு அடக்குங்கள். இதே பிடியை 10ஆம் பிரெட்டுக்கு நகர்த்தினால் டி மைனர் 6. ஈ 7க்கு மூன்று கம்பி போதும்: 5ஆம் கம்பியில் 7, 4இல் 6, 3இல் 7.

ஜிப்சி ஜாஸின் அடிப்படைத் தாளமான ‘லா பொம்ப்’ ரிதத்தில் 2ஆம், 4ஆம் பீட்களை அடித்தவுடன் இடக்கையின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். விரலைத் தூக்கிவிட்டால் வெறுங்கம்பி அலறும். இலங்கையின் பைலா ஆட்டப்பாடலுக்கு வாசித்துப் பழகிய கை 6/8 ஆட்டத்துக்கே இழுக்கும், கொழும்பில் பலருக்கு இது உண்டு. மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒவ்வொரு ‘டிக்’கையும் 2, 4 என்று எண்ணுங்கள், வேகம் 120 ஆகிவிடும், கையும் நேராகும்.

இனி ஏ மைனர் 6 ஆர்பெஜியோ. 6ஆம் கம்பியில் 5, 8; 5ஆம் கம்பியில் 7, 9; 4இல் 7; 3இல் 5; 2இல் 5, 7; 1இல் 5, 8. 3 மில்லிமீற்றராவது தடிப்புள்ள பிக் வேண்டும். கம்பி மாறும்போதெல்லாம் கீழ்வீச்சு, பிக் அடுத்த கம்பியில் போய்ச் சாய வேண்டும். 4, 3, 2 கம்பிகளில் மூன்று கீழ்வீச்சு தொடர்ந்து வரும். பலருக்கு 3ஆம் கம்பியில் கை தானாக மேல்வீச்சுக்குப் போய், அந்த ஒரு சுரம் மட்டும் மெலிந்துவிடும். அந்த மூன்றையும் ஒரே விழுகையாக விடுங்கள்.

கம்பி: தடித்தவற்றில் வெள்ளி முலாம் பூசிய செம்பு சுற்றியது, 10 அல்லது 11 கேஜ் (1ஆம் கம்பியின் தடிப்பு 0.010 அல்லது 0.011 அங்குலம்). வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்காற்றில் 1ஆம், 2ஆம் இரும்புக் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்தவுடன் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

ஈ 7 வரும் பாரில் டிமினிஷ்ட் ஆர்பெஜியோ (மூன்று மூன்று பிரெட் இடைவெளியில் வரும் சுரங்கள்) வாசிப்பதுதான் இந்த இசையின் உயிர். 5ஆம் கம்பியில் 2, 5; 4ஆம் கம்பியில் 3, 6; 3இல் 4; 2இல் 3, 6; 1இல் 4. எட்டு சுரம், எட்டு அரை பீட், பார் நிறைந்துவிட்டது. கடைசிச் சுரம் ஜி ஷார்ப். அடுத்த பாரின் முதல் பீட்டில் அதே 1ஆம் கம்பியில் ஒரு பிரெட் மேலே, 5ஆம் பிரெட்டில் ஏ விழ வேண்டும். அதையும் கீழ்வீச்சாலேயே அடியுங்கள். ஏ அரை பீட் முந்தினால் ஈ 7 முடியுமுன்பே மைனர் வந்துவிடும், பின்னால் ரிதம் வாசிப்பவரோடு மோதும். அந்த ஒரு பிரெட் தாண்டல் சரியாக விழும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம்.